ஆத்தோஸ் மலை

ஆத்தோஸ் மலை என்பது கிரேக்க நாட்டின் வடபகுதியில், கல்கிதிக்கி தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ள ஒரு மலையும் அதைச் சூழ்ந்த தன்னாட்சிப் பகுதியும் ஆகும். கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த 20 துறவு மடங்கள் இங்கு உள்ளன. கிரேக்க மொழியில் இது "புனித மலை" எனப் பொருள்படும் வகையில் ஆயோன் ஓரோஸ் என்று அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக்குள் இருந்தாலும், இங்கு செல்ல விரும்பும் எவரும் துறவிகளின் நிர்வாகம் வழங்கும் தனி அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். கிரேக்கக் குடிமக்களுக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை. பெண்கள் நுழைவதற்கு முற்றிலும் தடை உள்ளது.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் குடிமக்கள் இங்கு செல்வதற்கு இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது, கிரேக்க நாட்டுக்குள் நுழைவதற்கான ஷெங்கன் விசா. இரண்டாவது, தியாமோனிதிரியோன் எனப்படும் மலையின் அனுமதிச் சீட்டு. பயணிகள் இச்சீட்டைப் பேச்சு வழக்கில் "ஆத்தோஸ் விசா" என்று கூறுவதுண்டு. ஆனால் பன்னாட்டுச் சட்டத்தின் பொருளில் இது விசா அன்று.

புவியியல்

கல்கிதிக்கி தீபகற்பம் ஏஜியன் கடலுக்குள் மூன்று விரல்கள் போல நீண்டுள்ளது. மேற்கிலிருந்து கிழக்காக இவை கசாந்திரா, சித்தோனியா, ஆத்தோஸ் ஆகும். ஆத்தோஸ் விரல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமும், 7 முதல் 12 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. தென்கோடியில் மலை திடீரென உயர்ந்து, கடல் மட்டத்திலிருந்து 2033 மீட்டர் உயரத்தில் முடிகிறது. உச்சியில் இயேசுவின் உருமாற்றத்திற்கு அர்ப்பணிக்கப்பட்ட சிறு கோயில் ஒன்று உள்ளது.

மேய்ச்சல் விலங்குகள் மிகக் குறைவாகவே இருப்பதாலும், மக்கள் குடியேற்றம் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதாலும் இங்குள்ள காடுகள் நடுநிலக்கடல் பகுதியின் பிற இடங்களைவிட நன்கு பாதுகாக்கப்பட்டுள்ளன. யுனெஸ்கோ 1988ஆம் ஆண்டில் ஆத்தோஸ் மலையை இயற்கை, பண்பாடு ஆகிய இரு தகுதிகளின் அடிப்படையிலும் உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது.

வரலாறு

பண்டைக் காலம்

கிரேக்கத் தொன்மத்தின்படி, ஆத்தோஸ் என்னும் அரக்கன் கடற்கடவுள் பொசைடன் மீது எறிந்த பாறையே இம்மலை ஆயிற்று. கிமு 492இல் பாரசீகப் படைத்தலைவன் மார்தோனியசின் கப்பற்படை இம்மலையின் முனையைச் சுற்றி வரும்போது புயலில் சிக்கி அழிந்தது. இதனால் பாரசீகப் பேரரசன் செர்கஸ், கிமு 480ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு முன்னர், முனையைச் சுற்றாமல் செல்வதற்காகத் தீபகற்பத்தின் குறுகிய கழுத்துப் பகுதியில் சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்றை வெட்டுவித்தான். இதை எரோடோட்டசு விரிவாக எழுதியுள்ளார். கால்வாய் பின்னர் மண் மூடிப் போனது. அதன் தடம் நில இயற்பியல் ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது.

துறவிகளின் வருகை

மரபுவழிக் கிறித்தவர்களின் நம்பிக்கைப்படி, அன்னை மரியா சைப்பிரசுக்குக் கடற்பயணம் செய்தபோது காற்றினால் இக்கரைக்கு ஒதுக்கப்பட்டார். இடத்தின் அழகைக் கண்டு அதைத் தமக்குத் தருமாறு வேண்டினார். எனவே இம்மலை "அன்னை மரியாவின் தோட்டம்" எனப்படுகிறது.

கிபி 9ஆம் நூற்றாண்டில் இங்கு தனித்து வாழும் துறவிகள் இருந்தனர். பைசாந்தியப் பேரரசர் முதலாம் பசில் வழங்கிய ஆணை, மலையைத் துறவிகளுக்கு மட்டும் உரியதாக்கியது. 963இல் துறவி அத்தனாசியசு, பேரரசர் இரண்டாம் நிக்கோபோரசு போக்காசின் உதவியுடன் மகா லாவ்ரா மடத்தை நிறுவினார். பெரிய அளவிலான கூட்டுத் துறவு வாழ்க்கை இதனுடன் தொடங்கியது. 972இல் பேரரசர் முதலாம் ஜான் சிமிஸ்கெசு காலத்தில் மலையின் முதல் சட்டத் தொகுப்பு உருவானது. ஆட்டுத் தோலில் எழுதப்பட்டதால் அது "திராகோஸ்", அதாவது ஆட்டுக்கடா, எனப் பெயர் பெற்றது.

பின்னர் ஜார்ஜியர், செர்பியர், பல்கேரியர், உருசியர் ஆகியோரும் இங்கு மடங்களை அமைத்தனர். 1430இல் தெசலோனிக்கி நகரம் ஒட்டோமான் பேரரசிடம் வீழ்ந்தபோது துறவிகள் சுல்தானுக்குப் பணிந்து வரி செலுத்தி, தம் உள்விவகாரங்களில் தன்னாட்சியைக் காத்துக் கொண்டனர்.

தற்காலம்

1912 நவம்பரில் கிரேக்கக் கடற்படை மலையைக் கைப்பற்றியது. 1913இல், கடவுளின் பெயரே கடவுள் என்னும் கொள்கையைப் பின்பற்றிய எண்ணூற்றுக்கும் மேற்பட்ட உருசியத் துறவிகளை உருசியப் போர்க்கப்பல்கள் வலுக்கட்டாயமாக ஏற்றிச் சென்றன. 1917ஆம் ஆண்டு உருசியப் புரட்சிக்குப் பின் அந்நாட்டிலிருந்து புதிய துறவிகள் வருவது நின்றது.

1903ஆம் ஆண்டில் 7000க்கும் மேற்பட்ட துறவிகள் இங்கு இருந்தனர். 1971இல் அவர்களின் எண்ணிக்கை 1200க்கும் கீழே குறைந்தது. எஞ்சியிருந்தோரில் பலர் முதியவர்கள். ஆயிரம் ஆண்டு மரபு ஒரு தலைமுறையில் முடிந்துவிடும் எனப் பலர் கருதினர். ஆனால் 1970களின் நடுப்பகுதியிலிருந்து பல்கலைக்கழகக் கல்வி பெற்ற இளைஞர்கள் பலர் துறவு பூண்டு இங்கு வரத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலையின் மக்கள் தொகை 1811 ஆகும்.

ஆட்சி முறை

கிரேக்க அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு ஆத்தோஸ் மலையைக் கிரேக்க நாட்டின் தன்னாட்சிப் பகுதி என வரையறுக்கிறது. நாட்டின் இறைமை இங்கும் செல்லும். ஆன்மிக நிலையில் மலை காண்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவரின் கீழ் உள்ளது. உள்நிர்வாகம் 1924இல் துறவிகள் இயற்றி, 1926இல் கிரேக்க அரசு ஏற்றுக்கொண்ட சாசனத்தின்படி நடைபெறுகிறது. நிலம் முழுவதும் 20 மடங்களுக்கு இடையே பகிரப்பட்டுள்ளது. அதை விற்க இயலாது. மடங்களின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

நிர்வாகத்தின் உறுப்புகள் பின்வருமாறு:

* திருக்குழு: 20 மடங்களிலிருந்து மடத்துக்கு ஒருவராக 20 பேர் கொண்டது. தலைநகரான காரியேசில் கூடுகிறது.
* திருக்காவற்குழு: நால்வர் கொண்ட செயற்குழு. மடங்கள் நான்கு நான்காக ஐந்து அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் அணி ஓராண்டு என முறை வைத்து இப்பொறுப்பை ஏற்கின்றன. திருக்குழுவின் முத்திரை நான்கு துண்டுகளாக நால்வரிடமும் இருக்கும். நால்வரும் இணங்கினால் மட்டுமே முத்திரை முழுமை பெறும்.
* ஆளுநர்: கிரேக்க வெளியுறவு அமைச்சின் கீழ் பணிபுரியும் அரசுப் பிரதிநிதி. பொது ஒழுங்கு இவருடைய பொறுப்பு.

எந்த நாட்டவரானாலும், துறவியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் வேறு நடைமுறை ஏதுமின்றிக் கிரேக்கக் குடியுரிமை பெறுகிறார்.

மடங்கள்

இருபது மடங்களுக்கும் மாற்ற இயலாத வரிசை முறை ஒன்று உண்டு. அது பின்வருமாறு:

1. மகா லாவ்ரா
2. வத்தோபேதி
3. இவிரோன்
4. கிலாந்தார் (செர்பிய மடம்)
5. தியோனிசியு
6. குத்லுமுசியு
7. பந்தோக்ரத்தோரோஸ்
8. சீரோபொத்தாமு
9. சோகிராபு (பல்கேரிய மடம்)
10. தோக்கியாரியு
11. கராக்காலு
12. பிலோதேயு
13. சிமோனோபெத்ரா
14. புனித பவுல்
15. ஸ்தவ்ரோனிகித்தா
16. செனோபோந்தோஸ்
17. கிரெகோரியு
18. எஸ்பிக்மேனு
19. புனித பந்தலேய்மோன் (உருசிய மடம்)
20. கொன்ஸ்தாமோனித்து

ஏனைய 17 மடங்களும் கிரேக்க மடங்கள் ஆகும். மடங்களைத் தவிர, அவற்றுக்குக் கட்டுப்பட்ட சிற்றூர் போன்ற துறவிக் குடியிருப்புகளும், தனி இல்லங்களும், செங்குத்தான பாறைகளில் அமைந்த தனித்துறவிகளின் குடில்களும் உள்ளன. உருமேனியத் துறவிகளுக்கெனத் தனி மடம் இல்லை. அவர்கள் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

நுழைவு அனுமதி

ஷெங்கன் விசா

கிரேக்க நாடு 1981இல் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. அதற்கான ஒப்பந்தத்தில் ஆத்தோஸ் மலை பற்றிய கூட்டு அறிவிப்பு ஒன்று இணைக்கப்பட்டது. மலையின் சிறப்பு நிலை ஆன்மிக, சமயக் காரணங்களால் ஏற்பட்டது என்றும், சுங்கம், வரி, குடியேறும் உரிமை ஆகியவற்றில் அது கருத்தில் கொள்ளப்படும் என்றும் அவ்வறிவிப்பு கூறுகிறது. கிரேக்க நாடு 2000ஆம் ஆண்டு முதல் ஷெங்கன் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தி வருகிறது.

ஆகவே, ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர் முதலில் அதைப் பெற வேண்டும். மலைக்கென விசா வழங்கும் தூதரகம் எங்கும் இல்லை. ஷெங்கன் விசா பெற்றதால் மட்டும் மலைக்குள் நுழையும் உரிமை கிடைத்துவிடாது. அதுபோல், மலையின் அனுமதிச் சீட்டைக் காட்டிக் கிரேக்க நாட்டுக்குள் நுழையவும் முடியாது. பயணத்தைத் திட்டமிடுவோர் இரண்டின் நாட்களும் பொருந்துமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தியாமோனிதிரியோன்

தியாமோனிதிரியோன் என்பது மலையில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு ஆகும். இது இரு வகைப்படும். பொதுச் சீட்டு நான்கு நாட்களுக்கு, அதாவது மூன்று இரவுகளுக்குச் செல்லும். இதை வைத்திருப்பவர் எந்த மடத்திலும் இடம் கேட்கலாம். சிறப்புச் சீட்டு குறிப்பிட்ட ஒரு மடத்தின் அழைப்பின் பேரில் வழங்கப்படுகிறது.

நாளொன்றுக்கு மரபுவழிக் கிறித்தவர் சுமார் 100 பேருக்கும், பிற சமயத்தவர் 10 பேருக்கும் பொதுச் சீட்டு வழங்குவது நெடுங்கால வழக்கம். எனவே இந்து, இசுலாமிய, கத்தோலிக்க சமயத்தவரும், சமய நம்பிக்கை இல்லாதவரும் அந்தப் பத்து இடங்களுக்குள்தான் வர வேண்டும். கோடை மாதங்களுக்கும் உயிர்ப்பு விழாக் காலத்துக்கும் பல மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அனுமதி பெறும் படிகள்:

1. தெசலோனிக்கி நகரில் உள்ள பயணிகள் அலுவலகத்துக்குக் கடவுச்சீட்டின் படியுடன் விண்ணப்பித்து, நுழையும் நாளை உறுதி செய்தல்.
2. தங்க விரும்பும் மடங்களை முன்கூட்டியே தொடர்பு கொண்டு இடம் பதிவு செய்தல். பொதுவாக ஒரு மடத்தில் ஓர் இரவு மட்டுமே தங்கலாம்.
3. பயண நாளன்று காலை ஊரானோபொலி என்னும் கடற்கரை ஊரில் உள்ள அலுவலகத்தில் கடவுச்சீட்டைக் காட்டி, கட்டணம் செலுத்தி, சீட்டைப் பெறுதல்.
4. படகில் ஏறும் முன் சீட்டைக் காட்டுதல்.

சீட்டில் திருக்குழுவின் முத்திரையும் திருக்காவற்குழுவினரின் கையொப்பங்களும் இருக்கும். மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 18 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் தந்தையுடன் வர வேண்டும் அல்லது அவருடைய எழுத்து மூல ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். திருநிலைப்படுத்தப்பட்ட குருக்கள் மறைமுதுவரின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

பயணமும் தங்குதலும்

ஊரானோபொலியிலிருந்து தரைவழியே மலைக்குள் செல்லப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. படகு மேற்குக் கரையோரமாகச் சென்று, சுமார் இரண்டு மணி நேரத்தில் தாப்னி துறைமுகத்தை அடைகிறது. அங்கிருந்து காரியேசுக்குப் பேருந்து உண்டு. இச்சாலை, துறவு வாழ்க்கையின் ஆயிரமாவது ஆண்டு விழா 1963இல் நடைபெற்றபோது அமைக்கப்பட்டது. மடங்களுக்கு இடையே பழைய கல் பாவிய நடைபாதைகளும் உள்ளன.

மடங்களில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. வந்து சேரும் விருந்தினருக்குக் காப்பி, தண்ணீர், இனிப்பு ஆகியவை வழங்கி வரவேற்பது வழக்கம். உணவில் இறைச்சி இடம்பெறாது. திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகள் நோன்பு நாட்கள். உணவு வேளையில் ஒரு துறவி புனிதர்களின் வரலாற்றை வாசிப்பார். மடத் தலைவர் எழுந்தவுடன் அனைவரும் உணவை முடித்துக்கொள்ள வேண்டும். மாலையில் மடத்தின் வாயில் அடைக்கப்படும். அதன்பின் வருபவர் வெளியிலேயே தங்க நேரிடலாம்.

அரைக்காற்சட்டை அணிதல், கடலில் குளித்தல், இசைக்கருவி ஒலித்தல், நிகழ்படம் எடுத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. மரபுவழிக் கிறித்தவர் அல்லாதோர் பல மடங்களில் வழிபாட்டின்போது கோயிலின் முன்கூடத்தில் மட்டுமே நிற்கலாம்.

காலக் கணிப்பு

ஆத்தோஸ் மலையில் யூலியன் நாட்காட்டி பின்பற்றப்படுகிறது. இது பொது வழக்கில் உள்ள கிரெகொரியின் நாட்காட்டியைவிட 13 நாட்கள் பின்தங்கியது. இதனால் மலையின் டிசம்பர் 25, வெளியுலகில் சனவரி 7 ஆகும். நாளின் கணக்கு கதிரவன் மறையும்போது தொடங்குகிறது. அப்போது கடிகாரத்தில் பன்னிரண்டு மணி. ஆண்டு முழுவதும் கதிரவன் மறையும் நேரம் மாறுவதால் கடிகாரங்களை அவ்வப்போது திருத்த வேண்டும். பயணிகள் படகு நேரம் எந்தக் கணக்கில் கூறப்படுகிறது என்பதைக் கேட்டறிவது நல்லது.

பெண்களுக்கான தடை

பெண்கள் மலைக்குள் நுழையக்கூடாது என்னும் விதி "அவாத்தோன்" எனப்படுகிறது. இச்சொல்லுக்கு "காலடி படாத இடம்" என்பது பொருள். மலை அன்னை மரியாவுக்கு மட்டுமே உரியது என்பதும், துறவறத்துக்கு இடையூறு நேரக்கூடாது என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள் ஆகும். பெண் வளர்ப்பு விலங்குகளுக்கும் தடை உண்டு. இதனால் பால், முட்டை போன்றவை வெளியிலிருந்தே வருகின்றன. எலிகளைப் பிடிக்க உதவும் பூனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெண்கள் செல்லும் சுற்றுலாப் படகுகள் கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளியே செல்ல வேண்டும்.

1924ஆம் ஆண்டுச் சாசனம் இம்மரபை உறுதி செய்கிறது. 1953இல் கிரேக்க அரசு பிறப்பித்த சட்ட ஆணையின்படி, தடையை மீறும் பெண்ணுக்கு இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

மீறல்கள்

வரலாற்றில் இத்தடை சிலமுறை மீறப்பட்டுள்ளது. 14ஆம் நூற்றாண்டில் கொள்ளை நோய் பரவிய காலத்தில் செர்பியப் பேரரசர் தூசான் தம் மனைவி எலேனாவுடன் இங்கு வந்து தங்கினார். 1940களின் கிரேக்க உள்நாட்டுப் போரின்போது கெரில்லாப் படையினருடன் பெண்களும் நுழைந்தனர். 2008 சனவரியில், அண்டைச் சிற்றூர்களின் நிலத்துக்குச் சில மடங்கள் உரிமை கோரியதை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் பெண்கள் சிலர் எல்லை வேலியைத் தாண்டினர். அதே ஆண்டு மே மாதம், ஆட்கடத்துவோர் கரையில் இறக்கிவிட்ட மால்டோவா நாட்டுப் பெண்கள் நால்வர் அறியாமல் மலைக்குள் வந்து சேர்ந்தனர். துறவிகள் அவர்களை மன்னித்தனர்.

சட்ட விவாதம்

ஆண், பெண் சமத்துவத்தையும், தடையற்ற பயண உரிமையையும் அடிப்படைக் கொள்கைகளாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இத்தகைய தடை நீடிக்கலாமா என்பது நெடுநாள் வினா ஆகும். 2003இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடையை நீக்குமாறு கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் அத்தீர்மானத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு இல்லை.

தடையை எதிர்ப்போரின் வாதங்கள்: மலையின் பரப்பு ஒரு மடத்தின் வளாகம் போன்றதன்று, 300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. பொதுப் பணத்தின் துணையுடன் பாதுகாக்கப்படும் உலக பாரம்பரியக் களம் ஒன்றை மனித குலத்தின் பாதிப்பேர் காண இயலாமல் இருப்பது முறையன்று. அங்குள்ள சுவடிகளையும் ஓவியங்களையும் ஆராயும் பெண் அறிஞர்கள் படிகளையும் நிழற்படங்களையும் மட்டுமே நம்ப வேண்டியுள்ளது.

தடையை ஆதரிப்போரின் வாதங்கள்: நிலம் முழுவதும் மடங்களின் உடைமை. தனித்து வாழ்வதற்காகவே துறவிகள் இங்கு வந்தனர். கட்டுப்பாடு பெண்களுக்கு மட்டுமன்றி, நாள் எண்ணிக்கை வழியாக ஆண்களுக்கும் உண்டு. அரசியலமைப்பும் ஒன்றியத்தின் ஒப்பந்தங்களும் இச்சிறப்பு நிலையை ஏற்றுள்ளன. கதவைத் திறந்தால் மடங்கள் சுற்றுலா விடுதிகளாகிவிடும்.

அண்மைக் கால நிகழ்வுகள்

* 2002இல், மறைமுதுவரின் பெயரை வழிபாட்டில் சொல்ல மறுத்து வந்த எஸ்பிக்மேனு மடத்துத் துறவிகள் பிரிவினைவாதிகள் என அறிவிக்கப்பட்டனர். அவர்களை வெளியேற்றும் முயற்சி நீண்ட வழக்குகளுக்கு இட்டுச் சென்றது.
* 2004 மார்ச்சு மாதம் கிலாந்தார் மடத்தின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. பின்னர் சீரமைப்புப் பணிகள் தொடங்கின.
* 2018 அக்டோபரில் உருசிய மரபுவழித் திருச்சபை காண்ஸ்டாண்டிநோபிளுடன் உறவை முறித்துக்கொண்டது. ஆத்தோஸ் மலையின் கோயில்களில் நற்கருணை பெற வேண்டாம் எனத் தம் மக்களுக்கு அறிவுறுத்தியது.
* 2020 மார்ச்சில் கோவிட்-19 தொற்றின் காரணமாக மலை பயணிகளுக்குத் தற்காலிகமாக மூடப்பட்டது.

ஒப்பிடத்தக்க இடங்கள்

நாட்டுக்கான விசாவுக்கு மேல் தனி அனுமதியோ தனி விதியோ உள்ள வேறு சில இடங்களும் உலகில் உண்டு.

* திபெத்து: வெளிநாட்டவர் சீன விசாவுடன் தனியாகத் திபெத்துப் பயண அனுமதியும் பெற வேண்டும். பயண முகவர் வழியாகவே அதைப் பெற இயலும்.
* சுவால்பார்டு: 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நோர்வேயின் இறைமைக்கு உட்பட்ட இத்தீவுக்கூட்டத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் நோர்வே வழியாகச் செல்வோர் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், விசா தேவைப்படும் நாட்டவர் இருமுறை நுழையும் ஷெங்கன் விசா பெற வேண்டும்.
* ஓகினோசிமா: சப்பானில் உள்ள புனிதத் தீவு. 2017இல் உலக பாரம்பரியக் களமானது. பெண்களுக்கு முன்னரே தடை இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆண்களுக்கு அளிக்கப்பட்ட அனுமதியும் 2018 முதல் நிறுத்தப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* கிழக்கு மரபுவழித் திருச்சபை
* பைசாந்தியப் பேரரசு
* ஷெங்கன் உடன்படிக்கை
* உலக பாரம்பரியக் களம்
* யூலியன் நாட்காட்டி